பாய்க்கடையின் படங்களைப் பூட்டிய ஸ்கிரிப்ட்: வலைத்தளம் செய்து வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வலைத்தளம் செய்து தரச் சொல்லித் துட்டு கொடுக்கப் போகிறவர்கள் கடைசித் தவணையை எண்ணிக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் ஒரு கடைக்கு நடந்தது இது. தளத்தில் 64 படங்கள். பட்டுப்பாய், மாப்பிள்ளை பொண்ணு பெயரை ஊடே நெய்த கல்யாணப் பாய் எல்லாம் அதில் அடக்கம். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் வரும் நேரத்தில், ஒரு நாள் விடியற்காலையில் அத்தனை படமும் ஒரே படமாக மாறிவிட்டது. சாம்பல் நிறக் கட்டம், நடுவில் ‘பராமரிப்புக் கட்டணம் நிலுவை’ என்ற எழுத்து. செய்துகொடுத்தவரைப் போனில் கேட்டால், “வருசத்துக்குப் பன்னெண்டாயிரம் போட்டு விடுங்க அண்ணாச்சி, படம் தன்னால வந்துரும்” என்று பதில். கையெழுத்துப் போட்ட தாளில் பராமரிப்பு என்று ஒரு சொல்கூடக் கிடையாது. பேசிய தொகை முழுவதும் முந்தின வருடமே கொடுத்தாயிற்று.

படங்கள் அழியவில்லை. அவை முதலிலிருந்தே கடைக்காரர் பணம் கட்டும் சர்வரில் இல்லை. செய்துகொடுத்தவரின் சொந்தச் சர்வரில் இருந்தன, ஒரு ஸ்கிரிப்ட் (உலாவியில் ஓடும் சிறு நிரல்) அவற்றை அங்கிருந்து இழுத்து வந்து காட்டிக்கொண்டிருந்தது. ஒப்படைப்பு என்று கொடுத்த ஜிப் கோப்பில் லோகோ ஒன்றைத் தவிரப் படமே கிடையாது. இணைய இணைப்போடு திறந்து காட்டியதால் எல்லாம் இருப்பதுபோலத் தெரிந்தது. யாராவது ஜிப்பைக் கொடுத்தால், வைஃபையை அணைத்துவிட்டு முதலில் படக் கோப்புறையைத் திறந்து, ஒவ்வொரு படமும் தனியாகத் திறக்கிறதா, அதன் அளவு எத்தனை கேபி என்று பாருங்கள். இதற்குக் கோடு (நிரல் எழுத்து) தெரிய வேண்டியதில்லை.

இனி உள்ளே நடந்தது. இங்கே ஜாவாஸ்கிரிப்ட் சொற்களை ஒலிப்பாக எழுதியிருக்கிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

பக்கத்தில் ஒரு படம் வர வேண்டுமானால் ஐஎம்ஜி டேக் ஒன்று இருக்கும், அதில் எஸ்ஆர்சி என்ற பண்பு படத்தின் முகவரியைச் சொல்லும். இந்தத் தளத்தில் 64 டேக்கிலும் எஸ்ஆர்சியில் இருந்தது ‘டேட்டா’ என்று தொடங்கும் ஒரு சிறிய சரம், ஒரு பிக்சல் அகலம் ஒரு பிக்சல் உயரமுள்ள வெற்றுப் படம். உண்மையான முகவரி டேட்டா-எஸ்ஆர்சி என்ற இன்னொரு பண்பில் இருந்தது. அதுவும் நேராக இல்லை, பேஸ்64 என்ற குறியீட்டு முறையில் மாற்றி எழுதப்பட்டிருந்தது, பார்த்தால் வெறும் எழுத்துக் குவியல். வெளிச் சர்வரிலிருந்து வரும் ஒரு ஸ்கிரிப்ட் அந்தக் குவியலை ஏடூபி என்ற செயல்கூறால் அவிழ்த்து, கிடைக்கும் முகவரியை எஸ்ஆர்சியில் வைக்கும். அந்த ஸ்கிரிப்ட் கோப்பு தளம் செய்துகொடுத்தவர் கையில் இருப்பதால், ஒரு வரியை மாற்றினாலே போதும், 64 எஸ்ஆர்சிக்கும் ஒரே சாம்பல் கட்டம்தான் போய்ச் சேரும்.

எஸ்ஆர்சியை ஸ்கிரிப்ட் வழியாக மாற்றுவது தவறே இல்லை. 1996இல் நெட்ஸ்கேப் 3 வந்தபோதே டாக்குமெண்ட்.இமேஜஸ் என்ற பட்டியலும், அதிலுள்ள படத்தின் எஸ்ஆர்சியை மாற்றும் வசதியும் வந்துவிட்டன. சுட்டியைக் கொண்டுபோனால் பொத்தான் நிறம் மாறிய அந்தக் காலத்துப் பக்கங்களெல்லாம் அதில் செய்தவை. டேட்டா-எஸ்ஆர்சியும் குற்றமில்லை. திரைக்கு வரும்போது மட்டும் படத்தை இறக்கும் முறைக்கு அதைத்தான் பல காலம் பயன்படுத்தினார்கள். லோடிங் என்ற பண்பில் லேஸி என்று எழுதினால் குரோமே அந்த வேலையைச் செய்யும் வசதி 2019இல் வந்தது, ஆனாலும் பழைய வழியில் செய்பவர்கள் இன்னும் உண்டு. ஆகவே டேட்டா-எஸ்ஆர்சியைப் பார்த்தவுடன் ஆளைச் சந்தேகப்பட வேண்டாம். முகவரியை மறைத்து எழுதியிருப்பதும், அதை அவிழ்க்கும் ஸ்கிரிப்ட் உங்கள் டொமைனுக்கு வெளியே இருப்பதும் சேர்ந்து வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கணினியில் குரோமைத் திறந்து உங்கள் தளத்துக்குப் போங்கள். கன்ட்ரோல்-யூ அழுத்தினால் சர்வர் அனுப்பிய மூல எழுத்து வரும். எஃப்12 அழுத்தி எலிமெண்ட்ஸ் பகுதியைப் பார்த்தால் ஸ்கிரிப்ட் ஓடி முடித்த பிறகு பக்கம் எப்படி இருக்கிறதோ அது வரும். ஒரே படத்தை இரண்டிலும் தேடிப் பாருங்கள். மூலத்தில் ஒரு எஸ்ஆர்சியும் எலிமெண்ட்ஸில் வேறு எஸ்ஆர்சியும் இருந்தால், நடுவில் யாரோ மாற்றுகிறார்கள் என்று தெரிந்துவிடும். பாய்க்கடைத் தளத்தில் வலது கிளிக்கைத் தடுத்திருந்தார்கள். எஃப்12ஐயும் தடுத்திருந்தால் குரோம் மெனுவிலிருந்தே டெவலப்பர் கருவிகளைத் திறக்கலாம், அதைப் பக்கத்தால் தடுக்க முடியாது.

அடுத்தது கன்சோல், டெவலப்பர் கருவிகளில் கோடு தட்டி ஓட்டிப் பார்க்கும் பகுதி. அதில் எதையாவது ஒட்டப் போனால் குரோம் எச்சரிக்கும், ‘அலவ் பேஸ்டிங்’ என்று தட்டி என்டர் கொடுத்த பிறகுதான் ஒட்ட விடும். அந்த எச்சரிக்கை நல்லதற்குத்தான். தெரியாத ஆள் அனுப்பிய கோடை அங்கே ஒட்டவே கூடாது, இரண்டு வரியை நீங்களே தட்டிக்கொள்ளுங்கள். டாக்குமெண்ட்.இமேஜஸ் என்று தட்டினால் பக்கத்தில் உள்ள எல்லா ஐஎம்ஜியும் பட்டியலாக வரும். அது நேரடியாக மேப் (ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்வது) செய்யக்கூடிய அரே (ஜாவாஸ்கிரிப்டின் வரிசைப் பட்டியல்) இல்லை, அரே.ஃப்ரம் என்று சுற்றிக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டு மேப் போட்டுத்தான் பலர் பிழைச் செய்தி வாங்குகிறார்கள்.

ஒரு படத்தின் முகவரியைப் படிக்க மூன்று வழி இருக்கிறது, மூன்றும் மூன்று விடை தரலாம். கெட்ஆட்ரிபியூட் கொண்டு எஸ்ஆர்சியைக் கேட்டால் டேக்கில் எழுதியிருப்பதை எழுதியபடியே தரும், ‘படங்கள்/பாய்1.ஜேபிஜி’ என்பதுபோல. புள்ளி வைத்து எஸ்ஆர்சி என்று கேட்டால் டொமைனோடு சேர்த்து முழு முகவரியைத் தரும். கரண்ட்எஸ்ஆர்சி என்று கேட்டால் உலாவி இப்போது உண்மையில் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும் கோப்பைத் தரும். இதில் எஸ் மட்டும் பெரிய எழுத்து, சிறிய எழுத்தில் தட்டினால் ‘அன்டிஃபைன்ட்’ என்றுதான் வரும். படம் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கரண்ட்எஸ்ஆர்சியைத்தான் நம்ப வேண்டும். ஒவ்வொன்றையும் யூஆர்எல் பொருளாக்கி ஹோஸ்ட்நேம் (சர்வரின் பெயர்) எடுத்து, லொக்கேஷன்.ஹோஸ்ட்நேமோடு ஒப்பிட்டு, கன்சோல்.டேபிளில் போட்டால் எந்தப் படம் உங்கள் வீட்டில், எது அடுத்தவர் வீட்டில் என்று கட்டம் கட்டித் தெரியும். எஸ்ஆர்சி இன்னும் வைக்கப்படாத படத்துக்குக் கரண்ட்எஸ்ஆர்சி வெறுமையாக வரும், வெறுமையை யூஆர்எல் ஆக்கினால் பிழை வந்து பாதியில் நின்றுவிடும். ஆகவே பக்கத்தைக் கடைசி வரை உருட்டிவிட்டு, வெறுமையானவற்றைக் கழித்துவிட்டு ஓட்டுங்கள். பாய்க்கடைத் தளத்தில் இதை ஓட்டியபோது 64 வரியிலும் ஒரே ஹோஸ்ட்நேம், ஒன்றுகூடக் கடையுடையது இல்லை.

டாக்குமெண்ட்.இமேஜஸ் பட்டியலில் வராத படங்களும் உண்டு. முகப்பில் பெரிதாகத் தெரியும் பேனர் பெரும்பாலும் சிஎஸ்எஸ் பின்னணிப் படமாக இருக்கும். கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் வழியாக பேக்கிரவுண்ட்இமேஜைக் கேட்டால் அது வரும். கோடே வேண்டாம் என்பவர்கள் நெட்வொர்க் பகுதிக்குப் போய், டிசேபிள் கேச் என்பதை டிக் செய்து, பக்கத்தை மறுபடி ஏற்றி, இமேஜ் வடிகட்டியைப் போடுங்கள். தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து டொமைன் பத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே இனிஷியேட்டர் பத்தி இருக்கும், அந்தப் படத்தைக் கூப்பிட்டது எந்தக் கோப்பு, எந்த வரி என்று அது சொல்லும். அங்கே உங்கள் டொமைன் அல்லாத ஒரு ஜேஎஸ் கோப்பு நின்றால், பூட்டுப் போட்டவர் அந்தக் கோப்பை வைத்திருப்பவர்தான். உறுதிப்படுத்த அந்தக் கோரிக்கையில் வலது கிளிக் செய்து டொமைனைத் தடுத்துவிட்டுப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். மிஞ்சுவது எதுவோ, அதுதான் உங்களுடையது.

ஆதாரத்தை எடுத்த பிறகு சரிசெய்யுங்கள், முன்பு செய்யாதீர்கள். பூட்டு விழுந்த பக்கத்தின் திரைப்பிடிப்பு, நெட்வொர்க் பகுதியிலிருந்து ஏற்றுமதியாகும் ஹார் கோப்பு (எது எங்கிருந்து வந்தது என்ற பதிவு), மூல எழுத்தின் நகல், தொகை கொடுத்த ரசீது, இவை நான்கும் வேண்டும். படத்தை மீட்ட சந்தோஷத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. காசு கொடுத்து உங்களுக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, முதல் உரிமையாளர் நீங்கள்தான். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பிழைப்புக்காகச் சுயதொழிலாக நடத்தும் கடைக்காரர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நுகர்வோராகவே புகார் கொடுக்க இடமிருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசுங்கள்.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் அந்த வெளி ஸ்கிரிப்ட் டேக்கை எடுத்துவிட வேண்டும். அது இருக்கும்போது எஸ்ஆர்சியை எத்தனை முறை மாற்றினாலும், அது மறுபடி ஓடி உங்கள் மாற்றத்தின்மேல் எழுதிவிடும். கன்சோலில் மாற்றியது உங்கள் திரையோடு சரி, மறுபடி ஏற்றினால் போய்விடும். சர்வரில் உள்ள கோப்பில் மாற்றினால்தான் ஊருக்குத் தெரியும். பிறகு படங்களை உங்கள் ஹோஸ்டிங்கில் ஏற்றி எஸ்ஆர்சியில் புது முகவரியை எழுதுங்கள். எழுதியும் பழைய படமே வந்தால் எஸ்ஆர்சிசெட் என்ற பண்பைப் பாருங்கள், ஒரே படத்தின் பல அளவுகளுக்கு முகவரி அதில் இருக்கும். அது இருந்தால் உலாவி அதிலிருந்துதான் பொறுக்கும், நீங்கள் மாற்றிய எஸ்ஆர்சியைச் சீண்டாது. பிக்சர் டேக்குக்குள் இருக்கும் சோர்ஸ் டேக்குகளும் அப்படியே. அவற்றையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் பாதி நாளைத் தொலைப்பது இங்கேதான்.

கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் விண்டோஸில் பிரச்சினை பண்ணாது, லினக்ஸ் சர்வரில் பண்ணும். கேமராவிலிருந்து பெரிய எழுத்து நீட்சியோடு வந்த படத்தைச் சிறிய எழுத்தில் கூப்பிட்டால் 404 என்ற ‘கோப்பு இல்லை’ பிழைதான் வரும். படம் வராவிட்டால் மாற்றுப் படம் காட்ட ஆன்எரர் எழுதுகிறவர்கள், உள்ளே முதல் வரியில் ஆன்எரரை நல் (வெறுமை) ஆக்கிவிட வேண்டும். மாற்றுப் படமும் இல்லாவிட்டால் அது முடிவில்லாமல் சுற்றும்.

படங்களைச் செய்துகொடுத்தவரின் சர்வரிலிருந்தே இறக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேறு வழி இல்லாவிட்டால் செய்யுங்கள், ஆனால் நேச்சுரல்விட்த்தை, அதாவது படத்தின் உண்மையான அகலத்தை, பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பாய்க்கடைப் படங்களின் முகவரிகளைக் குவியலிலிருந்து அவிழ்த்துத் திறந்தபோது அகலம் 480 பிக்சல்தான் இருந்தது. மெல்லிய கோரை இழை நெருங்கி நிற்கும் பட்டுப்பாயை 480 பிக்சலுக்குச் சுருக்கினால் இழை தெரியாது, அலை அலையாக ஒரு பொய்க்கோடு ஓடும். பாயைத் தொட்டுப் பார்க்க முடியாமல் வாங்குகிறவர் இழையைப் பார்த்துத்தான் வாங்குவார். கேமராவில் இருந்த மூலப்படங்களைக் கேட்டு வாங்குவதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். டொமைன் உங்கள் பெயரில், ஹோஸ்டிங் கடவுச்சொல் உங்கள் கையில், வெளிச் சர்வர் ஸ்கிரிப்ட் எதுவும் உங்களுக்குச் சொல்லாமல் கூடாது, இவையும் அதே தாளில் வர வேண்டும்.

மறுபடி யாரும் நுழையாமலிருக்க, கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி என்ற தலைப்பை (சர்வர் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் குறிப்பு) சர்வரில் வைக்கலாம். ஐஎம்ஜி-எஸ்ஆர்சிக்கும் ஸ்கிரிப்ட்-எஸ்ஆர்சிக்கும் ‘செல்ஃப்’ என்று கொடுத்தால் உங்கள் டொமைனிலிருந்து வராத படத்தையும் ஸ்கிரிப்டையும் உலாவியே நிறுத்திவிடும். ஸ்கிரிப்டுக்கு அப்படிக் கொடுத்தால் பக்கத்துக்குள்ளேயே எழுதிய ஸ்கிரிப்டும் ஓடாது. அதனால் எதையும் நிறுத்தாமல் அறிக்கை மட்டும் தரும் ரிப்போர்ட்-ஒன்லியாக வைத்துச் சில நாள் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். ரிப்போர்ட்-ஒன்லியைப் பக்கத்துக்குள் எழுதும் மெட்டா டேக்கில் வைத்தால் வேலை செய்யாது, சர்வர் தலைப்பில்தான் வைக்க வேண்டும்.

பாய்க்கடைத் தளத்தில் சாம்பல் கட்டமாக மாறிய 64 படங்களில் ஒன்று, பணம் செலுத்தும் கியூஆர் படம். அதுவும் அதே ஸ்கிரிப்ட் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. சாம்பல் கட்டத்தை வைத்த இடத்தில் வேறொருவரின் கியூஆரை வைத்திருந்தால் பக்கத்தில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது, வாடிக்கையாளர் அனுப்பிய பணம் மட்டும் வேறு கணக்குக்குப் போயிருக்கும். காருகுறிச்சி மண்பாண்டமானாலும் கல்லிடைக்குறிச்சி அப்பளமானாலும், தளத்தில் கியூஆர் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்த ஒரு படத்தின் கரண்ட்எஸ்ஆர்சியைப் பாருங்கள். உங்கள் டொமைனாக இருந்தாலும், வேறொரு போனில் ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் வரும் பெயரும் உங்கள் வங்கியில் வந்து விழுவதும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு பெயர் வந்தால் கியூஆரை உடனே எடுத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் பேசுங்கள், பிறகு வங்கிக்குப் போங்கள்.