பத்தாண்டில் செலவழிப்பதா, முதலாக வைப்பதா?

கடலில் எண்ணெய் கசிந்த பின் ஆய்வுக்கு வரும் பணத்தைச் சீக்கிரம் செலவழிப்பதா, முதலீடாக வைத்து அதன் வரவில் நடத்துவதா? 2010-இல் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்த விபத்துக்குப் பின் மெக்சிகோ வளைகுடா ஆய்வுக்கு பிபி எண்ணெய் நிறுவனம் 50 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. பத்தாண்டுத் திட்டம், சராசரியாக ஆண்டுக்கு 5 கோடி. முதல் ஆண்டிலேயே பணம் கைக்கு வந்ததுதான் இதன் பெரிய பலம். எண்ணெய் வந்து சேராத இடத்துச் சேற்றை அப்போதே எடுத்து உறைநிலையில் வைக்காவிட்டால், பிறகு எதோடு ஒப்பிடுவது? ஆனால் 2020-இல் திட்டம் முடிந்தது.

அலாஸ்காவில் வேறு வழி. எக்ஸான் வால்டிஸ் எண்ணெய்க் கப்பல் தரைதட்டிக் கடலில் எண்ணெய் கொட்டியது 1989-இல். எக்ஸான் நிறுவனத்தோடு அரசுகள் செய்த 1991 உடன்பாட்டில் வந்த 90 கோடி டாலரில் ஒரு பகுதியை, அந்தப் பணத்தை நிர்வகிக்கும் அறங்காவலர் குழு சேமநிதியாக ஒதுக்கியது. காலம் தாழ்ந்து தெரியும் பாதிப்புகளுக்கு இதுதான் கைகொடுக்கும். ஹெர்ரிங் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வரவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். கப்பல் தரைதட்டிய பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் கடற்பகுதியில் அந்த மீன்வளம் சரிந்தது 1993-இல். எண்ணெய்தான் காரணமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 2001-இல் அங்கே கரையில் சுமார் 9,000 குழிகள் தோண்டிப் பார்த்தார்கள். கற்களுக்கு அடியில் எண்ணெய் பிசுபிசுப்பாகவே இருந்தது.

சேமநிதியின் குறை, வரவு சிறிது. 50 கோடியை முதலாக வைத்து ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்தால் 2 கோடிதான். நாள்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டிய ஆழ்கடல் ஆய்வுக் கப்பலே ஆண்டு முழுதும் ஓடினால் அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

எங்கள் கருத்தில், முதல் மூன்று ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாராளமாகச் செலவழித்து, மீதியை முதலாக்க வேண்டும். அதைப் பிற்பாடு அல்ல, உடன்பாட்டிலேயே எழுதிவிட வேண்டும்.