‘காம்பவுண்ட்’ எங்கிருந்து வந்தது: ஆக்ஸ்போர்டா, எட்டிமான்லைனா?

ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேட எந்த அகராதி நல்லது? கோலாலம்பூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி இது. ‘காம்பவுண்ட்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வீட்டு வளாகம், வேதியியல் சேர்மம், காரில் செருகிவிட்டுப் போகும் அபராதச் சீட்டு, மூன்றுக்கும் இங்கே அதுதான் பெயர்.

செலவு: ஆக்ஸ்போர்டு பேரகராதியை இணையத்தில் முழுமையாகப் பார்க்கச் சந்தா வேண்டும். டக்ளஸ் ஹார்ப்பரின் எட்டிமான்லைன் என்ற இணையச் சொற்பிறப்பு அகராதி இலவசம்.

எளிமை: எட்டிமான்லைன் ஒரு பத்தியில் முடித்துவிடும். ஆக்ஸ்போர்டுக்குள் நுழைந்தால் கையிலுள்ள தே தாரிக் (மலேசியப் பால் தேநீர்) ஆறிப்போகும்.

ஆழம்: வளாகத்தைக் குறிக்கும் சொல் மலாய் ‘கம்போங்’கிலிருந்து, போர்த்துகீசியம் அல்லது டச்சு வழியாக வந்ததாகக் கருதப்படுகிறது. சேர்மம் லத்தீன் வழி. ‘ஒன்றுசேர்த்து வை’ என்ற வினையே வேர். எழுத்து ஒன்று, வேர் வேறு. இவ்வளவுக்கு எட்டிமான்லைனே போதும். அபராதத்தின் கதைதான் சுவையானது: வழக்குத் தொடராமல் பணம் பெற்றுத் தீர்த்துக்கொள்வது என்ற பழைய சட்டப் பொருளின் நீட்சி அது. அந்தப் பொருள் வளர்ந்த விதத்தை ஆண்டு குறித்த மேற்கோள்களோடு பார்க்க ஆக்ஸ்போர்டுதான் வேண்டும்.

நம்பகம்: 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு இன்றும் திருத்தப்படுகிறது. மற்றது ஒரு தனிமனிதர் தொடங்கியது. வியக்க வைக்கும் உழைப்பு, ஆனாலும் சுருக்கம்தான்.

வகுப்பறைக்கு எட்டிமான்லைன். ஆய்வேட்டுக்கு ஆக்ஸ்போர்டு, சொந்தப் பணம் கட்டுமுன் பல்கலைக்கழக நூலகத்தில் விசாரியுங்கள்.