மலைக்காட்டில் கிராவல் பைக்: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

கிராவல் பைக் என்பது தாரிலும் சரளையிலும் ஓட்டுவதற்கான, அகல டயர் போட்ட சைக்கிள். அதன் விமர்சனம் என்று தேடினால், ஃபிரேம் எத்தனை கிலோ, கார்பனா அலுமினியமா, கியர் எத்தனை என்பதே முக்கால்வாசி இருக்கும். நான் சில ஆண்டுகளாகப் பெரும்பாலும் மேடும் சரிவுமான காட்டுப் பாதைகளில்தான் ஓட்டுகிறேன். இப்போது யாராவது வண்டியைப் பற்றிக் கேட்டால், எங்கே ஓட்டப்போகிறீர்கள், எந்தப் பக்கமிருந்து ஏறப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அதே வண்டி, அதே சுற்றுப் பாதை; வலஞ்சுழியாகப் போனால் கொண்டாட்டமாக இருக்கும், இடஞ்சுழியாகப் போனால் ஏண்டா வந்தோம் என்று ஆகிவிடும்.

செங்குத்தான பகுதி தார்ச்சாலையாக இருந்தால் அதில் ஏறி, சாய்வு குறைந்த சரளையில் இறங்குவதுதான் என் வழக்கம். செங்குத்தும் உதிரிக் கல்லும் சேர்ந்த துண்டு ஒன்றைத் தவிர்க்கவே முடியாது என்றால், அதையும் ஏறும் பக்கமாகவே வைத்துக்கொள்கிறேன். ஏறும்போது பின்சக்கரம் வழுக்கி நின்றுவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், குடி முழுகிவிடாது. 15% இறக்கத்தில் (100 மீட்டருக்கு 15 மீட்டர்) கோலிக்குண்டு போன்ற கற்கள்மீது பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நிற்கும், வண்டி நிற்காது. மழைக்குப் பிறகு இன்னொரு கணக்கும் சேரும்: வெயில் படாத சரிவு நாள்கணக்கில் காயாமல் கிடக்கும். அங்கே ஈர இலைக்கு அடியில் வேர் இருந்தால் சரளை டயரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பக்கத்தையும் ஏறுவதற்கே ஒதுக்குங்கள்.

பாதையை முன்கூட்டியே படிக்க ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடம் எனக்குப் பெரிய துணை. அதில் மண்பாதைகளை 1 முதல் 5 வரை தரம் பிரித்திருப்பார்கள். 1 என்றால் நன்றாக இறுகிய தளம் அல்லது தாரே போட்டது. 5 என்றால் வெறும் மண்ணும் புல்லும். பலர் கவனிக்காத விஷயம், அந்த எண் தளம் எவ்வளவு கெட்டியானது என்பதைத்தான் சொல்கிறது, எவ்வளவு சமமானது என்பதை அல்ல. பாறாங்கல் பதித்த பாதைகூடத் தரம் 2 என்று குறிக்கப்பட்டிருக்கலாம், பல் ஆடும். சமதளத்துக்கு அதிலேயே வேறொரு குறிப்பு உண்டு, ஆனால் காட்டுப் பாதைகளில் அதை யாரும் பெரிதாக நிரப்புவதில்லை. செயற்கைக்கோள் படமும் மரக்கூரைக்கு அடியில் எதையும் காட்டாது.

ஆப் காட்டும் ஏற்ற அளவை நான் பாதிதான் நம்புவேன். பல ஆப்கள் பயன்படுத்தும் உயரத் தரவுகளில் ஒன்று 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் கொண்டு எடுத்தது. அதில் ஒரே உயரமாகப் பதிவாகும் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர் அகலம். அடர்ந்த காட்டில் ரேடார் தரையை முழுதாகத் தொடாமல் மர உச்சியையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால் அறுபது எழுபது மீட்டர் நீளமுள்ள குத்தேற்றம் அந்தத் தரவில் மழுங்கிப்போகும். மலைச்சரிவைக் குறுக்காக வெட்டிப் போகும் பாதையில் கோடு சில மீட்டர் தள்ளி விழுந்தாலோ, இல்லாத ஏற்றத்தைக் காட்டிவிடும். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளை நாமே எண்ணிப் பார்ப்பது மேல். 20 மீட்டர் இடைவெளிக் கோடுகளைப் பாதை 200 மீட்டருக்கு ஒருமுறை தாண்டினால் 10% ஏற்றம். 130 மீட்டருக்கு ஒருமுறை என்றால் 15%. இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

காட்டுக்குள் எந்தச் சாலை யாருக்காகப் போடப்பட்டது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட சாலையில் சுமையோடு லாரி ஏற வேண்டும் என்பதால் சாய்வு ஓரளவுக்கு மேல் போகாது, வளைவுகளும் அகலமாக இருக்கும். கிராவல் பைக்குக்கு அதைவிடப் பொருத்தமான பாதை கிடையாது. பழைய கால்நடைத் தடங்களும் நடைபாதைகளும் நேராக மேலே ஏறும். வரைபடத்தில் கொண்டை ஊசி வளைவுகள் தெரிந்தால் எனக்கு மகிழ்ச்சி, நேர்கோடு தெரிந்தால் சந்தேகம். லாரிச் சாலையிலும் ஒரு தொல்லை உண்டு: புதிதாகச் சரளை கொட்டிய வாரத்தில் போனால் மணலில் ஓட்டுவது மாதிரி இருக்கும். மழையும் லாரிகளும் சேர்ந்து அதை இறுக்கும்வரை வேறு பக்கம் போய்விடுவது நல்லது.

அலை அலையாக வரி விழுந்த சாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டிகளின் சஸ்பென்ஷன்தான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். சஸ்பென்ஷனே இல்லாத சக்கரம்கூட, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், மணலில் அந்த வரிகளை உண்டாக்கும் என்று 2007-இல் வெளியான இயற்பியல் ஆய்வு ஒன்று காட்டியது. ஓட்டுபவருக்கு இதில் பயன்படும் செய்தி, வண்டிகள் பிரேக் பிடிக்கும் வளைவு வாயிலும் வேகம் எடுக்கும் ஏற்றத்திலும்தான் வரிகள் ஆழமாக இருக்கும் என்பது. அங்கே ஓரத்துக்குப் போய், ஹேண்டிலை இறுக்காமல், எடையைக் காலில் வையுங்கள்.

டயர்தான் நான் அதிகம் மாற்றிப் பார்த்த பொருள். 38 மி.மீ. அகலம் போதும் என்பவர்கள் சமவெளிச் சரளையில் ஓட்டுபவர்கள். மலைக்காட்டுக்கு 45-க்குக் கீழே இறங்க எனக்கு இனி மனமில்லை. ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தம் சுமார் 30 பிஎஸ்ஐ, முன்னால் இரண்டு மூன்று குறைவு. உடல் எடைக்கு ஏற்ப இது மாறும். சக்கரம் பெரிய 700சி அளவா, சிறிய 650பி அளவா என்ற வாதம் ஒரு காலத்தில் சூடாக நடந்தது. இப்போது 700சி ஃபிரேம்களே 50 மி.மீ. வரை இடம் கொடுப்பதால் அது ஓய்ந்துவிட்டது. துளையைத் தானாக அடைக்க டயருக்குள் ஊற்றும் லேடெக்ஸ் சீலண்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். பெரிய துளையை அடைக்கும் பிளக்கும், பக்கச்சுவர் கிழிந்தால் போட ஒரு ட்யூபும் பையில் எப்போதும் இருக்கும்.

கியர் விஷயத்தில் வெட்கமே வேண்டாம். வண்டியும் ஆளும் பையும் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், 10% ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்துக்குப் புவியீர்ப்பை வெல்ல மட்டும் 200 வாட் அளவுக்கு வேண்டும். உதிரிக் கல் வேறு தன் பங்கைக் கேட்கும். 2019-இல் வந்த, கிராவல் பைக்குக்கான ஷிமானோ ஜிஆர்எக்ஸ் கியர் தொகுப்பில் முன்னால் 30, பின்னால் 34 பல் என்று அமைத்தால், மிதி ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் முழுச் சுற்றுக்கும் குறைவாகவே சுற்றும். அந்த 8 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்கலாம், முட்டி தப்பிக்கும். சரளை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தில் எடை குறைந்து வழுக்குகிறது. உட்கார்ந்து, சீட்டின் நுனிக்கு நகர்ந்து, சீராக மிதிப்பதற்கு இந்தச் சிறிய கியர்தான் கைகொடுக்கிறது.

பிரேக் பேடில் ரெசின், மெட்டல் இரண்டையும் தேய்த்துப் பார்த்துவிட்டேன். காய்ந்த நாளில் ரெசின் மென்மையாகப் பிடிக்கும், சத்தம் போடாது. ஈரமும் மண்ணும் சேர்ந்தால் கண்முன்னே கரைகிறது. நீண்ட இறக்கம் இருக்கும் நாளில் மாற்றுப் பேட் இல்லாமல் கிளம்புவதில்லை. மெட்டல் கத்தும், ஆனால் நீடிக்கும். மழைக் காலம் முழுவதும் மெட்டல்தான் ஓடுகிறது, கூட வருபவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

செயின், பாட்டம் பிராக்கெட் (மிதி அச்சு சுழலும் பேரிங்) இரண்டும் தார்ச்சாலையில் தேய்வதைவிட வேகமாகத் தேய்கின்றன. செயின் நீட்சி 0.5% தொட்டதும் மாற்றிவிட்டால் கேசட் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு) பிழைக்கிறது. பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு இணைக்கும் கியர் ஹேங்கர் ஒன்று உபரியாக வைத்திருங்கள். காட்டில் ஒரு குச்சி உள்ளே போனால் முதலில் வளைவது அதுதான், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது வேறு.

நேரத்தைத் தூரத்தால் கணக்கிடாதீர்கள். 60 கி.மீ., 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் நான் ஐந்து மணி நேரம் ஒதுக்குவேன். மரம் வெட்டுவதற்காகப் பாதையை அடைத்திருப்பார்கள், மரம் விழுந்து கிடக்கும், சிக்னல் இருக்காது. வரைபடம் போனிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும், நடுவழியில் தார்ச்சாலைக்கு இறங்கும் கிளை ஒன்றையும் குறித்துவைக்க வேண்டும்.

யாருக்கு இந்த வண்டி வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்துப் பாதைகள் பெரும்பாலும் வேரும் பாறையுமாகவோ, வரைபடத்தில் தரம் 4, 5 என்றோ இருந்தால், முன் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக் வாங்குங்கள். கீழ்நோக்கி வளைந்த டிராப் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு அங்கே படும் பாட்டுக்கு, தார்ச்சாலையில் மிச்சமாகும் பத்து நிமிடம் ஈடாகாது.