புரை ஆபரேஷனில் சிலிண்டர் பவர்: டாரிக் லென்ஸா, கருவிழியில் கீறலா?

கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' பவர் இருந்தால், பெரும்பாலும் கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வளைந்திருக்கவில்லை என்று பொருள். புரை ஆபரேஷனின்போதே இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு.

அதிகம் வளைந்த அச்சில் (அதாவது அந்தத் திசையில்), கருவிழியின் ஓரமாகச் சிறு கீறல் போட்டுத் தளர்த்துவது ஒன்று. தனி லென்ஸ் வேண்டாம், செலவும் குறைவு. ஆனால் புண் ஆறும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். சுமார் 1 டயாப்டர் (பவரின் அலகு) வரைக்கும்தான் இதை நம்பலாம்.

இன்னொன்று டாரிக் லென்ஸ்: புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸிலேயே சிலிண்டர் பவரும் இருக்கும். இது அதற்கு மேலும் திருத்தும். விலை கூடுதல்தான். ஆனால் அங்கே அச்சுதான் எல்லாம். லென்ஸ் 1 டிகிரி திரும்பினால் திருத்தத்தில் சுமார் 3 சதவீதம் போய்விடும்; 30 டிகிரி திரும்பினால் பலனே இல்லை. படுத்தால் கண் லேசாகச் சுழலும் என்பதால், நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே அச்சைக் குறித்துக்கொள்வார்கள். அப்படியும் திரும்பிவிட்டால் மறுபடி சரியாக வைக்கலாம்; போட்ட கீறலை அழிக்க முடியாது.

1.5 டயாப்டரைத் தாண்டினால் நான் டாரிக் பக்கம்தான். சரி, எதுவானாலும் அளவு பிசகக்கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவெடுக்கும் முன்பே அதை நிறுத்தவேண்டும். கண் வறட்சி இருந்தால் முதலில் அதைக் கவனிக்கவேண்டும். சாதாரண கெரட்டோமெட்ரி கருவிழியின் முன்பக்கத்தை மட்டுமே அளக்கும். பின்பக்க வளைவையும் கணக்கில் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள்.