நான்கு குளிர்காலம், ஒரு ஜோடி பூட்ஸ்: மோன் ட்ரெம்ப்ளாண்ட் குடும்பப் பயணம்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். மார்ச் பிரேக்குக்கு, அதாவது மார்ச் மாதப் பள்ளி விடுமுறைக்கு, குடும்பத்தோடு மோன் ட்ரெம்ப்ளாண்ட் போகிறார்களாம். கியூபெக்கில் இருக்கும் பனிச்சறுக்கு (ஸ்கீ) மலை அது. "நீங்கதான் நாலு தடவை போயிட்டு வந்திருக்கீங்களே, எங்கே தங்கலாம்?" என்று கேட்டார். தங்குமிடம் பற்றி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தேன். அப்புறம் முக்கால் மணி நேரம் ஸ்கீ பூட்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகும் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மலையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. டொராண்டோவிலிருந்து காரில் ஆறு, ஏழு மணி நேரம். உச்சி 875 மீட்டர், அங்கிருந்து அடிவாரம் வரை 645 மீட்டர் இறக்கம். மேற்கே ராக்கி மலைகளைப் பார்த்தவர்களுக்கு இது குன்று மாதிரி தெரியலாம். கிழக்குக் கனடாவில் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது தாராளம். உச்சியிலிருந்து அடிவாரம் வரை நான்சென் என்று ஒரு பச்சைத் தடம் (புதியவர்களுக்கான சுலபமான சரிவு), கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர். புதிதாகக் கற்ற பிள்ளையும் கம்பியில் தொங்கிப் போகும் கோண்டோலாப் பெட்டியில் உச்சிக்குப் போய், வளைந்து வளைந்து நிதானமாக இறங்கி வரலாம். பல மலைகளில் புதியவர்களை அடிவாரத்துச் சின்னச் சரிவோடு நிறுத்திவிடுவார்கள். இங்கே ஆறு வயதுப் பிள்ளைக்கும் மலை முழுசாகக் கிடைக்கிறது. அதற்காகவே இந்த இடம் எனக்குப் பிடிக்கும்.

தேதி விஷயமும் ஒன்று இருக்கிறது. கியூபெக் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் மார்ச் முதல் வாரம் விடுமுறை, ஒண்டாரியோவுக்கு மார்ச் நடுவில். நம் விடுமுறைக்குப் போனால் உள்ளூர்ப் பள்ளிக் கூட்டம் ஓய்ந்திருக்கும், குளிரும் பிப்ரவரி அளவுக்கு இருக்காது. ஆனால் பகலில் இளகிய பனி இரவில் இறுகி, காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கும். முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகளை இறக்காதீர்கள். சமையலறை உள்ள வீடாக எடுங்கள். ரைஸ் குக்கரும் ஒரு டப்பா புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் நான்கு பேருக்கு மலைமேல் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். லிஃப்ட் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், கவுன்ட்டரில் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 100 டாலருக்கு மேல் ஆகிவிடும். பிள்ளைகளின் ஸ்கீ வகுப்பையும் அப்படியே, மார்ச் பிரேக் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பூட்ஸைப் பற்றித்தான் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் தடவை போனபோது மகளுக்கு ஆறு வயது. போகிற வழியில் ஒரு வாடகைக் கடையில் நான்கு பேருக்கும் சாமான் எடுத்தோம். கவுன்ட்டரில் இருந்தவர் கேட்டது ஒன்றுதான்: "ஷூ சைஸ் என்ன?" நான் அவள் குளிர்கால ஷூவின் சைஸைச் சொன்னேன். வளர்கிற பிள்ளை என்று நம் வீடுகளில் எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகத்தானே வாங்குவோம்? அதற்கு மேல் அவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக் கொடுத்தார். கால் குளிரக் கூடாது என்று என் மனைவி இரண்டு கம்பளி சாக்ஸ் போட்டுவிட்டாள்.

முதல் நாளே, "அப்பா, கால் வலிக்குதுப்பா" என்றாள். பக்கிளை இன்னும் இறுக்கினேன். வலி கூடியது. தளர்த்தினேன், ஸ்கீ அவள் சொன்னபடி திரும்பவில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகள் ஸ்கீ முனைகளைச் சேர்த்து 'பீட்சா' வடிவத்தில் நிற்கக் கற்றுக்கொண்டு மேஜிக் கார்ப்பெட்டில் (சரிவில் மேலே கொண்டுபோகும் நகரும் பட்டை) ஏறிக்கொண்டிருந்தார்கள். இவள் காலை 'பீட்சா'வாகத் திருப்புவாள், பூட்ஸுக்குள் கால் மட்டும் திரும்பும், ஸ்கீ நேராகவே போகும். அடுத்த வருடமும் அதே கடை, அதே அழுகை. "காசு கொடுத்துக் கூட்டி வந்தா இப்படியா அழறது, ரொம்பச் செல்லம்" என்று நான் அவளைத் திட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

மூன்றாவது தடவை, இரண்டாம் நாள் மாலை சாக்ஸைக் கழற்றினால் வலது கால் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. முன்னங்கால் எலும்பின் மேல் பக்கிள் கோடு சிவப்பாகப் பதிந்திருந்தது. பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு மலையடிக் கிராமத்தில் வேறொரு சின்னக் கடைக்குள் நுழைந்தேன். வயதான ஒருவர் இருந்தார். அவர் ஷூ சைஸே கேட்கவில்லை. அவளை வெறுங்காலோடு அளவுப் பலகையில் நிற்கவைத்தார். இருபதரை சென்டிமீட்டர். ஸ்கீ பூட்ஸின் எண் என்பது கால் நீளம்தான், சென்டிமீட்டரில். நான் கொண்டுபோன பூட்ஸில் 23 என்று எழுதியிருந்தது.

அப்புறம் அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். பூட்ஸுக்குள் இருந்த மெத்தென்ற லைனரை இழுத்து வெளியே எடுத்தார். வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் அவளை நிற்கச் சொல்லி, விரல் நுனி முன்பக்கம் தொடும்படி காலை நகர்த்தினார். குதிகாலுக்குப் பின்னால் தன் விரல்களை ஒவ்வொன்றாக இறக்கினார். ஒரு விரல், ஒன்றரை விரல் போனால் சரியான அளவு, வளர்கிற பிள்ளைக்கு மிஞ்சிப்போனால் இரண்டு. அவருடைய மூன்றாவது விரலும் உள்ளே போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

அவர் 21 என்று எழுதிய ஒரு ஜோடி கொடுத்தார். பூட்ஸின் அடி நீளம் மாறியதால் பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கையும் திருத்தி அமைத்தார். பைண்டிங் விழும்போது விடுபடுவதற்கான அளவை எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் அடி நீளம் எல்லாம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். வீட்டில் கை வைக்கிற வேலை இல்லை. சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லியது, முழங்கால் வரை. இரண்டு போட்டால் வேர்க்கும், ரத்த ஓட்டம் தடைப்படும், கால் இன்னும் குளிரும். உள்ளே போடும் பேன்ட்டின் விளிம்பைக்கூட பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது. நிமிர்ந்து நின்றால் விரல் முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும்.

மறுநாள் மதியம் அவள் நான்செனில் இறங்கினாள். ஆறு கிலோமீட்டரும். நகம் கறுத்த காலோடு. கீழே வந்ததும், "இன்னொரு தடவை போலாமாப்பா?" என்றாள். எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. காலை அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த முதல் கடைக்காரர் அதைச் செய்யவில்லை. சரி, வரிசையில் நாற்பது பேர் நிற்கும் சனிக்கிழமைக் காலை, அவரையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. தப்பான சைஸைச் சொன்னது நான். ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன் சைஸ் என்ன என்று தெரியுமா, அவளை ஒரு நிமிடம் நிற்கவைத்திருக்கலாமே? இந்த விஷயத்தில் எனக்கு நியாயமாகப் பேச வரவில்லை.

இப்போது அக்டோபரிலேயே சீசன் முழுவதற்குமான வாடகையில் இரண்டு பிள்ளைகளுக்கும் அளந்து எடுத்துவிடுகிறோம். டொராண்டோவிலேயே நகராட்சி நடத்தும் ஏர்ல் பேல்ஸ் பூங்காச் சரிவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்ப்போம். எங்கே உரசுகிறது என்று அங்கே தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பயணத்தில் பூட்ஸை இரவு கார் டிக்கியில் விடுவதில்லை. குளிரில் பிளாஸ்டிக் இறுகிவிடும், காலையில் பிள்ளையின் கால் உள்ளேயே போகாது. லைனரைக் கழற்றி ஹீட்டருக்குச் சற்றுத் தள்ளி வைத்துக் காயவிடுவோம். நான்காவது பயணத்தில் யாரும் அழவில்லை. அதுதான் நான் எடுத்த விடுமுறைகளிலேயே நல்ல விடுமுறை.

நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ இந்த மார்ச்சில் போகலாம்தானே?" என்றார். வேண்டாம் என்றேன். இது ஜனவரி, நல்ல ஜோடிகள் சீசன் வாடகையில் போயிருக்கும், இவர்களும் போகிற வழியில் ஏதோ ஒரு கடையில் நின்று ஷூ சைஸ் சொல்லப்போகிறார்கள். அவர் பையனுக்கு ஐந்து வயது. அடுத்த வருடம் போகட்டும். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், "நீங்க மட்டும் போறீங்க" என்றார்.

ஆமாம், நாங்கள் பதிவு செய்துவிட்டோம். இந்த அக்டோபரில் மகளின் கால் 22 ஆகியிருந்தது. கடையில் லைனரைக் கழற்றச் சொல்லிக் கேட்டது அவள்தான்.