எண்ணிக்கையா, ஷாட் பட்டியலா: குவாண்டம் அளவீட்டை எதில் போட்டு வைப்பது?

குவாண்டம் கணினியின் பிட்டான க்யூபிட் இரண்டு, அவற்றைப் பின்னிப் பிணைக்க ஒரு ஹடமார்ட் கேட், ஒரு சிநாட் கேட் (இதைப் பெல் சர்க்யூட் என்பார்கள்), ஆயிரம் ஷாட், அதாவது ஆயிரம் முறை ஓட்டி அளப்பது. குவாண்டம் நிரல் எழுதப் பழகுகிறவர்கள் முதலில் பார்ப்பது பெரும்பாலும் இப்படி ஒரு விடையைத்தான்: '00' 507 முறை, '11' 493 முறை. பைத்தான் டிக்‌ஷனரியில் இரண்டே சாவி. பார்க்க லட்சணமாக இருக்கும், ஒரே கட்டளையில் பட்டை வரைபடமும் போட்டுவிடலாம். அதனால் அதையே கோப்பில் எழுதி வைத்துவிட்டு மூல விடையைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன்.

இந்த எண்ணிக்கை டிக்‌ஷனரி, கடையடைக்கும் நேரத்தில் கல்லாவில் இருக்கும் மொத்தத் தொகை மாதிரி. எந்த பில் எப்போது விழுந்தது என்று அதைக் கேட்க முடியாது. பத்தாயிரம் ஷாட் ஓடும்போது பாதியில் கருவியின் அளவீட்டுப் பிழை கூடிவிட்டதா என்று சந்தேகம் வந்தால், முதல் ஐயாயிரத்தையும் கடைசி ஐயாயிரத்தையும் தனித்தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். டிக்‌ஷனரியில் வரிசை ஏது?

அடுத்த போட்டியாளர் ஷாட் பட்டியல். ஐபிஎம்மின் குவாண்டம் நிரல் தொகுப்பான கிஸ்கிட்டின் பழைய முறையில் மெமரி என்ற விருப்பத்தை முன்கூட்டியே இயக்கியிருந்தால் ஒவ்வொரு ஷாட்டும் ஒரு சரமாக, ஓடிய வரிசையிலேயே கிடைக்கும். மறந்துவிட்டால் மறந்ததுதான், மறுபடி வரிசையில் நின்று ஓட்ட வேண்டும். ஒரு குறை, சரம் இடத்தைத் தின்னும். 156 பிட் கொண்ட ஒரு சரத்துக்குப் பைத்தான் ஏறத்தாழ 200 பைட் எடுக்கும். லட்சம் ஷாட் என்றால் 20 மெகாபைட்.

"அப்போ எண்ணிக்கைதானே சிக்கனம்?" என்று கேட்பீர்கள். இரண்டு க்யூபிட்டில் ஆமாம். 156 க்யூபிட்டில் ஒரு ராண்டம் சர்க்யூட்டை ஓட்டிப் பாருங்கள்: ஒரே விடை இரண்டு முறை வருவதே அபூர்வம். லட்சம் சாவி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 1. வரிசையையும் இழந்து, இடமும் மிச்சமாகாத நிலை.

கூகுளின் நிரல் தொகுப்பான சர்க் (Cirq) வேறு வழியில் போகிறது. அளவீட்டுக்கு நாம் வைத்த பெயரைச் சாவியாக வைத்து, ஷாட்டுக்கு ஒரு வரிசை, க்யூபிட்டுக்கு ஒரு நெடுவரிசை என்று, பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையின் (NumPy) அட்டவணையாகவே கொடுத்துவிடும். கணக்குப் போட இதைவிட வசதி இல்லை. மூன்றாவது க்யூபிட்டின் சராசரி வேண்டுமா, அந்த நெடுவரிசையை எடுத்துக்கொண்டால் போதும். கட்டத்துக்கு ஒரு பைட் என்றால், மேலே சொன்ன லட்சம் ஷாட்டுக்கு 15.6 மெகாபைட். கவனக்குறைவாக அதை 64 பிட் முழு எண்ணாக மாற்றிவிட்டால் 125 மெகாபைட்.

கிஸ்கிட் 1.0 வந்த 2024 முதல், சர்க்யூட்டை ஓட்டி அளவீடுகளைத் தரும் சாம்ப்ளரின் இரண்டாம் பதிப்பு பிட்அரே என்ற பொருளைத் தருகிறது. எட்டு பிட்டை ஒரு பைட்டில் அடைத்து, ஷாட் வரிசை கலையாமல் வைத்திருக்கும். 156 பிட்டுக்கு 20 பைட். லட்சம் ஷாட்டும் 2 மெகாபைட்டில் அடக்கம். எண்ணிக்கை வேண்டும்போது அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், குறிப்பிட்ட பிட் 0 ஆக வந்த ஷாட்டுகளை மட்டும் வடிகட்டவும் வழி உண்டு. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது.

விடை ரெஜிஸ்டர் வாரியாக, அதாவது அளந்த பிட்டுகளைப் போடும் பெட்டி வாரியாக, பிரிந்து வரும். மேலே சொன்ன அதே பெல் சர்க்யூட்டில் முதல் க்யூபிட்டை 'அ' ரெஜிஸ்டரிலும் இரண்டாவதை 'ஆ' ரெஜிஸ்டரிலும் அளந்து, இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். 'அ'வில் பாதி 0, பாதி 1. 'ஆ'விலும் அப்படியே. இரண்டு காசைத் தனித்தனியாகச் சுண்டினாலும் இதே கணக்குதான் வரும். இரண்டு க்யூபிட்டும் எப்போதும் ஒரே விடை தரும் குவாண்டம் பின்னல் இருந்த சுவடே இல்லை! தகவல் தொலைந்துவிடவில்லை, இரண்டு அட்டவணையிலும் ஏழாவது வரிசை அதே ஏழாவது ஷாட்தான். முதலில் ஜாயின்_டேட்டா என்ற கட்டளை கொண்டு சேர்த்துவிட்டுப் பிறகு எண்ண வேண்டும். பழைய முறையில் '0 0', '1 1' என்று நடுவே இடைவெளி விட்டு ஒரே சரமாக வந்ததால் இந்தத் தவறுக்கு இடமில்லை. புதியதை ஆதரிக்கிற நானே இதில் பழையதற்கு ஒரு மதிப்பெண் கொடுக்கிறேன்.

பிட் வரிசைச் சண்டை தனி. மூன்று க்யூபிட்டில் பூஜ்யம் எண் க்யூபிட்டை மட்டும் 0-வை 1 ஆக்கும் எக்ஸ் கேட் (X gate) கொண்டு புரட்டினால், கிஸ்கிட் '001' என்று சொல்லும். அதையே சர்க்கில் இயல்பான வரிசையில் அளந்து வாசித்தால் '100'. முழு எண்ணாக ஒன்றில் 1, மற்றதில் 4. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுகிறவர்கள் தலைகீழாக்க மறந்துவிட்டுக் கருவியைத் திட்டுவது வழக்கம்.

கோப்பில் சேமிப்பது பற்றிக் கொஞ்சம். சிஎஸ்வியில் எழுதி எக்செல்லில் திறந்தால் '0011' வெறும் 11 ஆகிவிடும். அங்கிருந்தே சேமித்தால் முன்னால் இருந்த பூஜ்யங்கள் போனது போனதுதான். ஜேசானில் முழு எண் சாவிகள் திரும்பி வரும்போது சரமாக மாறியிருக்கும். 3 என்று தேடினால் கிடைக்காது, '3' என்று தேட வேண்டும். நான் அடைத்த பைட்டுகளை நம்பையின் சுருக்கிய கோப்பில் வைக்கிறேன். கூடவே ரெஜிஸ்டர் பெயர், பிட் வரிசை, பிட்டுகளின் எண்ணிக்கை. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள்: 127 பிட்டுக்கும் 16 பைட், 128 பிட்டுக்கும் 16 பைட். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது, ஓரத்தில் இருக்கும் அந்த 0 அளந்து வந்ததா, இடத்தை நிரப்ப வைத்ததா என்று பைட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.