நாலு வருஷம் உழைத்த லேப்டாப்பும் துவரம்பருப்பு அளவு சிப்பும்

"அக்கா, நீங்க வெச்சிருக்கிற லேப்டாப்போட புது மாடல் 9,000 ரூபாய் குறைஞ்சிருக்கு. வாங்கிடட்டுமா?" என்று முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டான். அவனும் என்னைப் போல ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவன். அவன் கேட்டபோது என் லேப்டாப் பிழைத்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ரெண்டு வரியில் பதில் போட மனசு வரவில்லை. அதனால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

2021 கடைசியில் வாங்கியது. பிராசசர், ரேம், திரை விவரமெல்லாம் எங்கும் கிடைக்கும், அதற்குள் போகவில்லை. எனக்கு இந்த இயந்திரம் என்றால் அதன் கீபோர்டுதான். ஒரு நாளைக்கு முந்நூறு வவுச்சர் டேலி என்கிற கணக்கு மென்பொருளில் ஏற்றுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். வலது பக்க எண் பட்டையில் பூஜ்யம் நல்ல அகலம், என்டர் உயரமாக, கண்ணால் பார்க்காமலே கை போய் உட்காரும். 4, 5, 6 மேல் அச்சிட்ட எண்கள் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டன. ஆனால் ஒரு விசைகூட இறுகவில்லை, இரண்டு தடவை விழவில்லை. மூடியின் கீல் இன்னும் முதல் நாள் போலவே நிற்கிறது. இந்தத் தடவைக்கு முன்னால் நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட சர்வீஸுக்குப் போனதில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபத்தில் பிறகு விட்டுப்போகும்.

லேப்டாப் படுத்துக்கொண்ட அன்று 18ஆம் தேதி. மாதம் 20க்குள் ஜிஎஸ்டியின் 3பி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. 14 பேருடைய கணக்கு பாக்கி இருந்தது. இரவு பதினொன்றரைக்கு அன்றைய வேலையை மட்டும் முடித்துக்கொண்டு 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' கொடுத்தேன். சார்ஜர் சொருகியே இருந்தது. வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் படுக்கப் போய்விட்டேன், மூடியைக்கூட சாத்தவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பிறகு சர்வீஸ் சென்டரில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "நடுவுல ஆஃப் பண்ணீங்களா மேடம்?" என்பதுதான். அன்றைக்கு இறங்கிய அப்டேட்டில், லேப்டாப்பை முதலில் எழுப்புகிற அடிப்படை நிரலான பயாஸும் ஒன்று என்று திரையில் எங்கேயும் போடவில்லை. விண்டோஸ் அப்டேட் வழியாக லேப்டாப் கம்பெனிகள் பயாஸையும் அனுப்பும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

காலையில் பவர் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது, விசிறி முழு வேகத்தில் இரைந்தது, திரை கருப்பு. கம்பெனி லோகோ இல்லை. அரை நிமிஷத்தில் தானாக அணைந்து மறுபடி தானாக எரிந்தது. இப்படியே திரும்பத் திரும்ப.

இந்த நிலையில் முதலில் பலர் சொல்வது, "விண்டோஸ் போயிருக்கும், புதுசா போடு." லோகோ வந்து அதற்கப்புறம் நின்றால்தான் விண்டோஸைச் சந்தேகிக்கலாம். லோகோவே வரவில்லை என்றால் விண்டோஸ் வரைக்கும் வண்டி போகவே இல்லை. கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார்த்தேன். அந்த விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது, திரைதான் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். மாறவில்லை. எச்டிஎம்ஐ வயரில் டிவியில் போட்டேன், அங்கேயும் ஒன்றுமில்லை. பின்மூடியைக் கழற்றி பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். ரேமைக் கழற்றி, தங்க நிறக் காலைத் துடைத்து, மாற்றுக் குழியில் போட்டேன். அதே இரைச்சல்தான். எச்பியில் கேப்ஸ் லாக் விளக்கும் டெல்லில் பேட்டரி விளக்கும் இத்தனை தடவை சிமிட்டினால் இன்ன கோளாறு என்று அட்டவணையே உண்டு. என்னுடைய மாடலில் அந்த உதவியும் கிடையாது.

மிஞ்சியது பயாஸ். பவர் வந்ததும் பிராசசர் முதலில் படிப்பது மதர்போர்டில் இருக்கிற ஒரு சின்ன எட்டுக்கால் சிப்பைத்தான். ரேமை எழுப்புவது, திரையை எழுப்புவது, கோப்புகள் இருக்கிற டிஸ்க்கான எஸ்எஸ்டியைத் தேடிப் போவது எல்லாவற்றுக்கும் நிரல் அதில்தான் இருக்கிறது. அது பாதியில் அறுந்திருந்தால் பிராசசர் படித்த வரைக்கும் படித்து நின்றுவிடும்.

இதற்குக் கம்பெனிகள் ஒரு மீட்பு வழி வைத்திருக்கின்றன. எச்பியில் விண்டோஸ் விசையையும் 'B' விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், டெல்லில் கன்ட்ரோலும் எஸ்கேப்பும். என் கம்பெனிக்கும் அப்படி ஒன்று உண்டு. பென் டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, அவர்கள் சொன்ன பெயரில் பயாஸ் கோப்பை வைத்து, விசைகளைப் பிடித்தபடி பவர் கொடுக்க வேண்டும். பதினொரு தடவை செய்தேன். பென் டிரைவ் விளக்கு நாலைந்து தடவை மினுக்கும். எனக்கு நெஞ்சு படபடக்கும். பிறகு நின்றுவிடும்.

என் ஆத்திரம் எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான். பென் டிரைவைப் படிக்க வேண்டிய நிரலும் அந்தக் கெட்டுப்போன சிப்பிலேயே இருக்கிறது. அந்தப் பகுதியும் சேர்ந்து அடிபட்டால் மீட்பு வழி என்பது கையேட்டில் மட்டும்தான். ஜிகாபைட் கம்பெனி தன் டெஸ்க்டாப் போர்டுகள் பலவற்றில் டூயல் பயாஸ் என்று இரண்டு சிப் வைக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று எழுப்பும். குரோம்புக்கில் யாரும் மாற்றி எழுத முடியாத ஒரு பகுதியும், அப்டேட் இறங்க ஏ, பி என்று இரண்டு பகுதியும் உண்டு. எச்பி தன் வணிக மாடல்களில் ஷ்யூர் ஸ்டார்ட் என்று தனியாக ஒரு நல்ல பிரதியைப் பத்திரப்படுத்துகிறது. வழி தெரியாத விஷயமில்லை இது. 62,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எனக்கு ஏன் ஒரே ஒரு பிரதி?

1999 ஏப்ரல் 26 எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. செர்னோபில் வைரஸ் என்று சொன்ன சிஐஎச் அன்றைக்குத்தான் கிளம்பி ஹார்ட் டிஸ்கோடு சேர்த்து பயாஸையும் அழித்தது. நான் அப்போது கம்ப்யூட்டர் சென்டரில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாஸ்டர் முதல் நாளே எல்லா மெஷினிலும் தேதியை 27 என்று மாற்றி வைத்தார். விட்டுப்போன ஒன்று மட்டும் மாட்டியது. அதில் பயாஸ் சிப் சாக்கெட்டில் இருந்தது. இடுக்கியால் நெம்பி எடுத்து வேறொன்றைப் பொருத்தினார், மறுநாள் ஓடியது. இப்போது அதையும் போர்டோடு சேர்த்து ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள்.

முதலில் 14 பேரைக் காப்பாற்ற வேண்டும். இங்கே கம்பெனியைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். பின்மூடிக்குப் பத்துச் சாதாரண ஸ்குரூ, எஸ்எஸ்டி தனியாகக் கழன்று வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தன் காலேஜ் லேப்டாப்பைக் கொடுத்தாள். எஸ்எஸ்டியை யுஎஸ்பி பெட்டியில் போட்டுச் சொருகினால் 48 இலக்க மீட்பு எண் கேட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும், சாவி அந்தக் கணக்கிலேயே கிடக்கும். எனக்கு பாஸ்வேர்டு ஞாபகம் இருந்ததால் தப்பித்தேன். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி, அவள் வாசிக்க நான் அடித்தேன். டேலி ஃபோல்டர் தெரிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 20ஆம் தேதி இரவு ஒன்பதே முக்காலுக்குக் கடைசி ரிட்டர்ன் போனது.

அதன்பிறகு சர்வீஸ் சென்டர். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு "மதர்போர்டு போயிடுச்சு மேடம்" என்றார்கள். 31,400 ரூபாய். பயாஸை மட்டும் திரும்ப எழுதிப் பார்க்க முடியாதா என்று கேட்டேன். "கம்பெனி ப்ரொசீஜர்ல அது இல்ல" என்றார் அந்தப் பையன். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் கையில் இருந்த பட்டியலில் போர்டு மட்டும்தான் இருந்தது. கெட்டது ஒரு நிரல், அதுவும் அவர்களே அனுப்பியது. அதற்குப் பாதி லேப்டாப்பை விலைக்கு வாங்கச் சொல்கிறார்கள்.

சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இரண்டு கடை கைவிரித்தது. மூன்றாவது, மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பையன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துச் சிப்பைக் காட்டினான். துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். வின்பாண்ட் 25கியூ128, மொத்தம் 16 எம்பி. பெயரின் கடைசியில் ஜேடபிள்யூ என்று இருந்ததைப் படித்துவிட்டு, "இது 1.8 வோல்ட்டுக்கா. நேரா 3.3 குடுத்தா செத்துடும்" என்று ஒரு குட்டி அடாப்டரை எடுத்தான். சிப்பைப் படிக்கவும் எழுதவும் சிஎச்341ஏ என்கிற கறுப்பு போர்டு, சில நூறு ரூபாய் பொருள். அதிலிருந்து வரும் கிளிப்பின் சிவப்பு ஒயர், சிப் மூலையில் இருக்கிற புள்ளிப் பக்கம் வர வேண்டும். முதல் தடவை படித்தபோது மொத்தமும் எஃப்எஃப் என்று, அதாவது காலி என்பதுபோல, வந்தது. கிளிப் சரியாகக் கவ்வவில்லை. கழற்றி மறுபடி மாட்டினான். அப்புறம் இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, முதல் காரியமாக அதைச் சேமித்து வைத்தான்.

"இங்க பாருங்கக்கா" என்று திரையை என் பக்கம் திருப்பினான். எண்ணும் எழுத்துமாக ஓடிக்கொண்டிருந்த வரிகள் ஓர் இடத்தில் சட்டென்று நின்று, அதற்கப்புறம் எஃப்எஃப் எஃப்எஃப் என்று பக்கம் பக்கமாகப் போனது. அழித்த சிப் அப்படித்தான் காட்டும். பழையதை அழித்தாயிற்று, புதியது பாதிவரை ஏறி நின்றுவிட்டது. "போர்டுக்கு ஒண்ணும் ஆவல."

கம்பெனி இணையதளத்தில் இருக்கிற கோப்பை அப்படியே எழுதினால் என்ன என்று கேட்டேன். "அதுல பயாஸ் பாகம் மட்டும்தான் இருக்கும். இன்டெல் கம்பெனியோட பாகம், உங்க சீரியல் நம்பர், விண்டோஸ் கீ எல்லாம் சிப்புலேந்து இப்ப படிச்சு சேமிச்ச இந்த டம்ப்லதான் இருக்கு. சில பேரு வேற மெஷினோட ஃபைல அப்படியே ஏத்திடுவாங்க, அப்புறம் உங்க லேப்டாப் இன்னொருத்தர் நம்பர்ல ஓடும்." கெட்ட பகுதியை மட்டும் வெட்டி நல்லதை ஒட்டி, எழுதி, எழுதியதைத் திரும்பச் சரிபார்த்தான். எனக்காகப் பொறுமையாக ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே செய்தான்.

பவர் கொடுத்ததும் மறுபடி கருப்புத் திரை. என் கை தானாக நீண்டது. "கை வெக்காதீங்கக்கா, முதல் தடவை ரேமைப் புதுசா பார்த்துட்டு வரும்." இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒருமுறை அணைந்து எரிந்தது. பிறகு விசிறியின் இரைச்சல் மெல்ல அடங்கியது. அந்தச் சத்தம் அடங்கியபோதே எனக்குக் கண் கலங்கிவிட்டது, லோகோ அதற்குப் பிறகுதான் வந்தது. பயாஸ் மாறியதால் மறுபடி அந்த 48 இலக்கம் கேட்டது. எழுதி வைத்திருந்தேன். விண்டோஸ் ஆக்டிவேஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1,800 ரூபாய் கேட்டான், 2,000 கொடுத்தேன்.

பயாஸ் அப்டேட்டே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 2023 டிசம்பரில் வெளியான லோகோஃபெயில் மாதிரி ஓட்டைகள், லோகோ படத்தைப் படிக்கிற நிரலிலேயே இருந்தவை, அப்டேட்டால்தான் அடைபடும். ஆனால் எப்போது போடுவது என்பது என் கையில் இருக்க வேண்டும். அதை நிறுத்தும் அமைப்பு பயாஸுக்குள் நாலாவது பக்கத்தில் இருந்தது, நிறுத்திவிட்டேன். இனி 20ஆம் தேதி தாண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பக்கத்தில் உட்கார்ந்து நானே போட்டுக்கொள்வேன். நல்ல டம்ப் ஒரு பென் டிரைவில் ஏறி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.

தம்பி, நீ கேட்ட புது மாடலின் கையேட்டை இறக்கிப் படித்தேன். அதே விசைகள், அதே ஃபேட்32 பென் டிரைவ், இரண்டாவது பிரதி பற்றி ஒரு வரி இல்லை. வாங்காதே. 9,000 இல்லை, 20,000 குறைத்தாலும் வேண்டாம்.

இதை அவனுக்கு அனுப்பியதும், "அப்போ உங்களுதை எனக்குக் குடுத்துட்டு நீங்க வேற வாங்கிக்கோங்க" என்றான். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த 20ஆம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது, பதினாறு பேர் கணக்கு ஏற்ற வேண்டும். இந்தக் கீபோர்டு இல்லாமல் என்னால் ஆகாது.